‘ஜீரோ ஃபாரெக்ஸ்’ கார்டு இருந்தா போதுமா? ஃபாரின் டிரிப்புக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு!

பாங்காக்கோ, கோலாலம்பூரோ, சிங்கப்பூரோ... ஃபாரின் டிரிப்னு முடிவு பண்ணிட்டா, டிக்கெட்டை ஆஃபர்ல பிடிக்க ராத்திரி 12 மணி வரைக்கும் முழிச்சிருப்போம். ஹோட்டல் ரூமை நாலு ஆப்ல ஒப்பிட்டுப் பார்த்து 500 ரூபாய் மிச்சம் பண்ணுவோம். ஆனா, ஊருக்குத் திரும்பி ரெண்டு வாரம் கழிச்சு வரும் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை எத்தனை பேர் வரி வரியாகப் படிக்கிறோம்?

படித்துப் பாருங்கள். நீங்கள் சாப்பிட்ட தாய் நூடுல்ஸுக்குக் கீழே ஒரு வரி, மெட்ரோவில் போன டிக்கெட்டுக்குக் கீழே ஒரு வரி என்று ‘ஃபாரின் கரன்சி மார்க்அப் ஃபீ’ வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் பத்து ரூபாய், அம்பது ரூபாய்தான். கூட்டிப் பார்த்தால் சில ஆயிரம் வரும்.

இதைத் தவிர்க்கத்தான் ‘ஜீரோ ஃபாரெக்ஸ் மார்க்அப்’ கார்டுகள் வந்திருக்கின்றன. அதை வாங்கிட்டா பிரச்னை தீர்ந்ததா? பாதிதான் தீரும். மீதிப் பாதி, அந்த கார்டை எங்கே, எப்படித் தேய்க்கிறோம் என்பதில் இருக்கிறது. ரெண்டையும் பார்த்துடலாம்.

மார்க்அப்னா என்ன?

சிங்கப்பூரில் 100 டாலருக்கு ஒரு ஷூ வாங்குகிறீர்கள். கடைக்காரருக்குப் போவது சிங்கப்பூர் டாலர். உங்கள் கணக்கில் ஏறுவது இந்திய ரூபாய். நடுவில் இந்த மாற்றத்தைச் செய்வது விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குகள். அன்றைக்கு அவர்கள் நிர்ணயிக்கும் மாற்று விகிதம், சந்தை விகிதத்துக்கு ஓரளவு நெருக்கமாகவே இருக்கும். இந்த விகிதத்தை இரண்டு நிறுவனங்களின் இணையதளங்களிலும் உள்ள கால்குலேட்டரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதுவரைக்கும் பிரச்னை இல்லை. அதற்கு மேல் உங்கள் வங்கி சேர்க்கும் கட்டணம்தான் மார்க்அப். இந்தியாவில் சாதாரண கிரெடிட் கார்டுகள் பலவற்றில் இது 3.5%. அந்த மார்க்அப் தொகைமீது 18% ஜி.எஸ்.டி உண்டு. ஆக, 3.5% என்று எழுதியிருந்தால், உங்கள் பாக்கெட்டிலிருந்து போவது 4.13%. 2% என்று இருந்தால் 2.36%.

டெபிட் கார்டு தேய்த்தால் இது கிடையாதுன்னு நினைக்காதீங்க. பெரும்பாலான வங்கிகளின் டெபிட் கார்டுகளிலும் இதே மார்க்அப் உண்டு.

80,000 ரூபாய் செலவு... எவ்வளவு போகும்?

ஒரு டிரிப்பில் ஹோட்டல், சாப்பாடு, ஷாப்பிங் எல்லாம் சேர்த்து வெளிநாட்டு கரன்சியில் 80,000 ரூபாய் அளவுக்கு கார்டில் செலவு செய்வதாக வைத்துக்கொள்வோம்.

* 3.5% மார்க்அப் கார்டு: கட்டணம் ரூ.2,800 + ஜி.எஸ்.டி ரூ.504 = ரூ.3,304
* 2% மார்க்அப் கார்டு: ரூ.1,600 + ரூ.288 = ரூ.1,888
* 1.5% மார்க்அப் கார்டு: ரூ.1,200 + ரூ.216 = ரூ.1,416
* ஜீரோ மார்க்அப் கார்டு: ரூ.0

அதே ஷூ, அதே நூடுல்ஸ், அதே ஹோட்டல். எந்த கார்டை நீட்டினோம் என்பதில் மட்டும் 3,300 ரூபாய் வித்தியாசம்.

ஆண்டுக் கட்டணத்தையும் ரிவார்டையும் சேர்த்துப் பாருங்க

‘ஜீரோ’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் அப்ளை பட்டனை அழுத்த வேண்டாம். இரண்டு விஷயங்களைக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

முதலாவது, ஆண்டுக் கட்டணம். ஒரு ஜீரோ மார்க்அப் கார்டுக்கு ஆண்டுக்கு ரூ.3,000 கட்டணம் என்றால், ஜி.எஸ்.டி சேர்த்து ரூ.3,540. இந்தப் பணத்தை 3.5% கார்டோடு ஒப்பிட்டு மீட்க வேண்டுமானால், வருஷத்துக்கு சுமார் 85,700 ரூபாயாவது வெளிநாட்டு கரன்சியில் செலவு செய்ய வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இலங்கை போய்வருபவருக்கு இது நஷ்டம். மாசா மாசம் வேலை விஷயமாகப் பறப்பவருக்கு லாபம்.

இரண்டாவது, ரிவார்டு பாயின்ட். ‘100 ரூபாய்க்கு 4 பாயின்ட்’ என்பது கேட்க நல்லாத்தான் இருக்கும். ஒரு பாயின்ட்டின் மதிப்பு எவ்வளவு? 25 பைசா என்றால், 4 பாயின்ட் 1 ரூபாய். அதாவது 1% தான் திரும்பி வருகிறது. 2% மார்க்அப் கார்டில் இந்த ரிவார்டு கிடைத்தால், 2.36 - 1 = 1.36% இன்னமும் உங்கள் கையை விட்டுப் போகிறது. 3.5% கார்டில் 2% ரிவார்டு கிடைத்தாலும் 2.13% நஷ்டம்தான்.

அதேநேரம், உயர்ரக பிரீமியம் கார்டுகள் சிலவற்றில் ரிவார்டு மதிப்பு 3 சதவிகிதத்தைத் தாண்டும். அங்கே 2% மார்க்அப் கட்டினாலும் கணக்கு லாபத்தில் முடியலாம். ஆனால், அந்த மதிப்பு முழுசாகக் கிடைப்பது பெரும்பாலும் ஃப்ளைட், ஹோட்டல் புக்கிங்குக்கு பாயின்ட்டைப் பயன்படுத்தும்போதுதான். பணமாக மாற்றினால் பாதிகூடத் தேறாது. பாயின்ட்டைச் சேர்த்துவெச்சு எக்ஸ்பைரி ஆகவிடும் ரகமா நீங்கள்? அப்படியென்றால் ஜீரோ மார்க்அப்தான் உங்களுக்குச் சரி.

ஃபார்முலா இதுதான்: மார்க்அப் (ஜி.எஸ்.டி-யோடு) + ஆண்டுக் கட்டணம் - நிஜமாகப் பயன்படுத்தப்போகும் ரிவார்டு. எந்த கார்டில் இந்தத் தொகை குறைவோ, அதுதான் உங்கள் கார்டு. ‘ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ’ என்பதைக் கடைசியாகப் பாருங்கள். பல கார்டுகளில் குறிப்பிட்ட தொகையைச் செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச் கதவு திறக்கும்.

யாருக்கு எந்த கார்டு?

மாணவர், ஃப்ரீலான்சர், இப்போதான் வேலைக்குச் சேர்ந்தவர்: சம்பளச் சீட்டு இல்லாமல், சிபில் ஸ்கோர் இல்லாமல் கார்டு கிடைப்பது கஷ்டம். இவர்களுக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டை அடிப்படையாக வைத்துத் தரும் கார்டு நல்ல வழி. ஐ.டி.எஃப்.சி ஃபர்ஸ்ட் வங்கியின் ‘வாவ்’ கார்டு இந்த வகை, ஜீரோ மார்க்அப்போடு அறிமுகமானது. டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். ஒரு விஷயம் கவனம்: டெபாசிட் தொகையை ஒட்டித்தான் கார்டு லிமிட். 20,000 ரூபாய் லிமிட்டை வெச்சுக்கிட்டு ஹோட்டலுக்குப் போனால், அட்வான்ஸாக அவர்கள் பிளாக் செய்யும் தொகையிலேயே பாதி லிமிட் போயிடும்.

வருஷத்துக்கு ஒரு டிரிப் போகும் சம்பளக்காரர்: ஆண்டுக் கட்டணம் இல்லாத ஜீரோ மார்க்அப் கார்டு போதும். ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ‘ஸ்கேப்பியா’ இந்த வகையில் பிரபலமானது.

அடிக்கடி பறப்பவர்: ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டுகளையும் கணக்கில் எடுக்கலாம். ஆர்.பி.எல் வங்கியின் ‘வேர்ல்டு சஃபாரி’ ஜீரோ மார்க்அப்போடு, ரூ.3,000 ஆண்டுக் கட்டணத்தில் அறிமுகமான கார்டு. ஐ.டி.எஃப்.சி ஃபர்ஸ்ட் ‘வெல்த்’ 1.5%, ஹெச்.டி.எஃப்.சி-யின் ‘ரெகாலியா கோல்டு’, ‘இன்ஃபினியா’ 2% என்ற வரிசையில் வரும். இவற்றில் ரிவார்டு, லவுஞ்ச் எல்லாம் சேர்த்துக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

கையில் ஏற்கெனவே ஒரு கார்டு வைத்திருப்பவர்: முதலில் அதன் மார்க்அப் எவ்வளவு என்று பாருங்கள். 2 சதவிகிதத்துக்கு உள்ளே இருந்து, போகப்போவது ஒரு சின்ன டிரிப் என்றால், புது கார்டுக்காக அலைய வேண்டியதில்லை.

வங்கிகள் இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகின்றன. அதனால் யூடியூப் வீடியோவை மட்டும் நம்பாமல், வங்கியின் இணையதளத்தில் ‘மோஸ்ட் இம்பார்ட்டன்ட் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்ற பி.டி.எஃப்-ஐத் திறந்து, அதில் ‘ஃபாரின் கரன்சி’ என்று தேடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை. ஒரே வாரத்தில் நாலு கார்டுக்கு அப்ளை பண்றதும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் விசாரணையாகப் பதிவாகும்.

‘ரூபாயில் பே பண்றீங்களா?’ - வேண்டாம்னு சொல்லுங்க!

இனி, கார்டை எங்கே எப்படித் தேய்ப்பது என்ற விஷயத்துக்கு வருவோம். ஜீரோ கார்டு வைத்திருப்பவர்களும் ஏமாறும் இடம் இதுதான்.

கடையில் கார்டைத் தேய்த்ததும், மெஷின் திரையில் இரண்டு தொகை வரும். ஒன்று உள்ளூர் கரன்சியில், இன்னொன்று இந்திய ரூபாயில். ‘எதில் கட்டுறீங்க?’ என்று கடைக்காரர் சிரித்தபடி கேட்பார். நம்ம ஊர் ரூபாயைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வரும். அதை அழுத்திடுவோம். இதற்குப் பெயர் ‘டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்’, சுருக்கமாக டி.சி.சி.

ரூபாயைத் தேர்ந்தெடுத்த நொடியில், விசா, மாஸ்டர்கார்டின் மாற்று விகிதம் கழன்றுபோகும். அந்தக் கடைக்குப் பின்னால் இருக்கும் பேமென்ட் நிறுவனம் வைப்பதுதான் விகிதம். அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். போதாக்குறைக்கு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கு நம்ம ஊர் வங்கிகள் பலவும் 1% கட்டணம் பிடிக்கின்றன. அதற்கும் ஜி.எஸ்.டி உண்டு.

அந்த 100 டாலர் ஷூவையே எடுத்துக்கலாம். நெட்வொர்க் விகிதம் ஒரு சிங்கப்பூர் டாலருக்கு ரூ.70 என்றும், மெஷின் காட்டும் ரூபாய் விகிதம் அதைவிட 5% அதிகமாக, ரூ.73.50 என்றும் வைத்துக்கொள்வோம்.

* ஜீரோ கார்டு, டாலரில் கட்டினால்: ரூ.7,000
* 3.5% கார்டு, டாலரில் கட்டினால்: சுமார் ரூ.7,289
* எந்த கார்டாக இருந்தாலும், ரூபாயில் கட்டினால்: ரூ.7,350. வங்கி 1% பிடித்தால் ஜி.எஸ்.டி-யோடு சுமார் ரூ.7,437

கவனிச்சீங்களா? ஜீரோ கார்டு வைத்திருப்பவர் ரூபாயை அழுத்தினால், சாதாரண 3.5% கார்டுக்காரரைவிட அதிகமாகக் கட்டுகிறார். அலைந்து திரிந்து வாங்கிய கார்டின் பலன் ஒரே பட்டனில் காலி.

அதனால், எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: ‘லோக்கல் கரன்சி, ப்ளீஸ்.’ சிங்கப்பூரில் டாலர், தாய்லாந்தில் பாட், மலேசியாவில் ரிங்கிட். கடைக்காரர் உங்களைக் கேட்காமலேயே ரூபாயை அழுத்திவிட்டால், பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அல்லது பின் நம்பரை அடிப்பதற்கு முன், கேன்சல் செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஏ.டி.எம்-மில் கிரெடிட் கார்டா? கையைக் கட்டிக்கோங்க!

தெருவோரக் கடை, டுக்டுக், நைட் மார்க்கெட் எல்லாம் கேஷ் கேட்கும். அவசரத்துக்கு கிரெடிட் கார்டை ஏ.டி.எம்-மில் சொருகினால் என்ன ஆகும்?

தாய்லாந்தில் 5,000 பாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாட் ரூ.2.80 என்றால், இது 14,000 ரூபாய்.

* தாய்லாந்து ஏ.டி.எம்-கள் வெளிநாட்டு கார்டுக்குப் பிடிக்கும் கட்டணம் 220 பாட் என்றால்: ரூ.616
* உங்கள் வங்கியின் கேஷ் அட்வான்ஸ் கட்டணம், 2.5% அல்லது குறைந்தபட்சம் ரூ.500 என்றால்: ஜி.எஸ்.டி-யோடு ரூ.590
* பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி. மாதம் 3.5% என்றால், ஒரு மாதத்துக்கு ஜி.எஸ்.டி-யோடு சுமார் ரூ.578

மொத்தம் சுமார் 1,784 ரூபாய். 14,000 ரூபாய் எடுக்க கிட்டத்தட்ட 13% தண்டம்! இதில் மார்க்அப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. கடையில் தேய்த்தால் 45 நாள், 50 நாள் வரை கிடைக்கும் வட்டியில்லா அவகாசம், ஏ.டி.எம்-மில் எடுத்த பணத்துக்குக் கிடையாது.

கேஷ் தேவைக்கு, ஊரிலேயே அங்கீகாரம் பெற்ற மணி எக்சேஞ்ச் கடைகளில் நாலு இடத்தில் விலை கேட்டு, கொஞ்சம் பணத்தை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஏர்போர்ட் கவுன்ட்டரைக் கடைசி வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எடுக்க வேண்டியே வந்தால், டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ ஒரே தடவையில் மொத்தமாக எடுங்கள். மூன்று தடவை எடுத்தால் 220 பாட் மூன்று தடவை போகும். ஏ.டி.எம் திரையிலும் ‘ரூபாயில் கன்வெர்ட் செய்யவா?’ என்று கேட்கும். அங்கேயும் வேண்டாம்தான்.

வீட்டில் உட்கார்ந்தபடியே போகும் மார்க்அப்

பாஸ்போர்ட்டே எடுக்காதவர்களும் மார்க்அப் கட்டுகிறார்கள். ஏ.ஐ ஆப் சந்தா, கேம், கிளவுட் ஸ்டோரேஜ், வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம் என எதை டாலரில் கட்டினாலும் அதே 3.5% உண்டு. மாசம் 20 டாலர் சந்தாவுக்கு இது தெரியாது. வருஷத்துக்குக் கூட்டினால் தெரியும்.

இன்னொரு குழப்பம் இருக்கு. சில வெளிநாட்டு இணையதளங்கள் விலையை ரூபாயிலேயே காட்டும். ஆனால் அந்த நிறுவனம் பதிவாகியிருப்பது வெளிநாட்டில். மேலே சொன்ன 1% கட்டணம் இங்கேயும் வரலாம். ஜீரோ மார்க்அப் கார்டிலும் இந்தக் கட்டணம் தனி வரியாக இருக்கிறதா என்று விதிமுறைகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் புக்கிங் தளங்களில் கரன்சியை மாற்றும் வசதி இருக்கும். ரூபாயில் ஒரு தடவை, உள்ளூர் கரன்சியில் ஒரு தடவை விலையைப் பார்த்துவிட்டு, பிறகு கட்டுங்கள்.

புக்கிங்கை ரத்து செய்தால் இன்னொரு விஷயம். ரீஃபண்ட் வரும் நாளின் மாற்று விகிதத்தில்தான் பணம் திரும்பும். அதனால் கட்டியதும் வந்ததும் ஒரே தொகையாக இருக்காது.

ஃபாரெக்ஸ் கார்டு, யு.பி.ஐ... எது எங்கே?

முன்கூட்டியே பணம் ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டின் பலம், ஏற்றிய நாளின் விகிதம் அப்படியே நிற்பது. ரூபாய் சரிந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. பலவீனம், டாலர் ஏற்றிய கார்டை பாட்டில் தேய்த்தால் ‘கிராஸ் கரன்சி’ கட்டணம் வரும். மீதிப் பணத்தைத் திரும்ப ரூபாயாக்கும்போதும் கொஞ்சம் போகும். ஒரே நாட்டுக்கு, நீண்ட நாள் போகும் மாணவர்களுக்கு இது பொருந்தும். நாலு நாடு சுற்றுபவருக்கு ஜீரோ கிரெடிட் கார்டு வசதி.

வரி விஷயமும் முக்கியம். ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணம், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டத்துக்குள் வரும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு சுற்றுலா போன்ற தேவைகளுக்கு 20% டி.சி.எஸ் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவையும் இதற்குள் கொண்டுவர 2023 மே மாதம் அரசு அறிவித்து, அடுத்த மாதமே தள்ளிவைத்தது. பிடித்த டி.சி.எஸ்-ஸை வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டும் கேட்கலாம்.

யு.பி.ஐ-யும் மெதுவாகக் கடல் தாண்டியிருக்கிறது. இலங்கை, மொரீஷியஸில் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம், பூட்டான், பிரான்ஸ் ஆகிய நாடுகளிலும் குறிப்பிட்ட கடைகளில் ஸ்கேன் செய்யலாம். யாழ்ப்பாணமோ கொழும்போ போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் ஆப்பில் ‘இன்டர்நேஷனல்’ வசதியை ஆன் செய்து வைக்கலாம். ஆனால், இதை மட்டுமே நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள்...

கார்டு வாங்கியாச்சு, பை கட்டியாச்சு. ஏர்போர்ட்டில் இறங்கி கார்டைத் தேய்த்தால் ‘டிக்ளைன்ட்’! காரணம் எளிது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

* வங்கி ஆப்பில் ‘இன்டர்நேஷனல் யூசேஜ்’ ஆன் பண்ணுங்க. கடை, ஆன்லைன், கான்டாக்ட்லெஸ், ஏ.டி.எம் என்று தனித்தனி பட்டன் இருக்கும். ஏ.டி.எம்-மை மட்டும் ஆஃப்லயே விடலாம்.
* தினசரி லிமிட்டைத் தேவைக்கு ஏற்றபடி குறைத்து வையுங்கள்.
* பின் நம்பர் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் பின் இல்லாமல் நடக்காது.
* ஓ.டி.பி வர சிம்மில் ரோமிங் ஆன் ஆகியிருக்க வேண்டும்.
* இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்கில் எடுத்துப்போங்கள். ஒன்றைப் பர்ஸிலும் இன்னொன்றை ரூமிலும் வையுங்கள்.
* ஹோட்டல், வாடகை கார் டெபாசிட்டுக்கு ப்ரீபெய்டு கார்டை ஏற்காத இடங்கள் உண்டு. அங்கே கிரெடிட் கார்டு தேவைப்படும்.

சிங்கப்பூர் மெட்ரோவிலும் லண்டன் டியூப்பிலும் கான்டாக்ட்லெஸ் கார்டையே டிக்கெட்டாகத் தட்டிப் போகலாம். அதனால் கான்டாக்ட்லெஸ் பட்டனை மறக்காதீங்க. சிங்கப்பூரில் வெளிநாட்டு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சென்ட் கட்டணம் சேரும். நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால், உள்ளூர் டிராவல் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்டு தொலைந்தால்?

முதல் வேலை, ஆப்பில் கார்டைப் பிளாக் செய்வது. பிறகு வங்கிக்குப் போன். வெளிநாட்டிலிருந்து அழைக்க வேண்டிய எண்ணை முன்பே குறித்து வையுங்கள். கார்டுக்குப் பின்னால் இருக்கும் எண், கார்டோடு போயிடும்!

வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓ.டி.பி இல்லாமலேயே பணம் எடுக்க முடியும் என்பதால் வேகம் முக்கியம். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை, தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. தாமதம் ஆக ஆக உங்கள் பொறுப்பும் கூடும். புகாருக்கு 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம். ஊர் திரும்பியதும் ‘இன்டர்நேஷனல்’ பட்டனை மறுபடி ஆஃப் செய்துவிடுங்கள்.

எல்லாத்தையும் காலி பண்ணும் ‘மினிமம் டியூ’

சரியான கார்டு வாங்கினீர்கள். எல்லா இடத்திலும் உள்ளூர் கரன்சியில் கட்டினீர்கள். ஏ.டி.எம் பக்கம் போகவில்லை. 80,000 ரூபாய் செலவில் 3,304 ரூபாய் மிச்சம். சூப்பர்!

இப்போது பில் வருகிறது. அந்த மாசம் கொஞ்சம் டைட். ‘மினிமம் டியூ 4,000 ரூபாய் கட்டினாப் போதும்’ என்று ஆப் சொல்கிறது. கட்டினால் அபராதம் வராது, உண்மைதான். ஆனால், வட்டி ஓடும். மாதம் 3.5% வட்டி என்றால், 80,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி ரூ.2,800. ஜி.எஸ்.டி ரூ.504. மொத்தம் ரூ.3,304.

மேலே இருக்கும் எண்ணை மறுபடி பாருங்க. நீங்கள் மிச்சம் பிடித்த அதே தொகை! சொச்சம் கட்டும் 4,000 ரூபாயால் இதில் கொஞ்சம்தான் குறையும். இரண்டாவது மாதமும் இழுத்தால், 3.5% கார்டைத் தேய்த்தவரைவிட நீங்கள் அதிகம் கட்டியிருப்பீர்கள். மேலும், பில் தேதியிலிருந்து இல்லாமல், நீங்கள் ஒவ்வொன்றையும் வாங்கிய தேதியிலிருந்தே இந்த வட்டியைக் கணக்கிடுவார்கள்.

அதனால் கார்டைத் தேடுவதற்கு முன்பே ஒரு கேள்வி. இந்த டிரிப்புக்கான பணம், பில் வரும் தேதிக்கு உங்கள் கணக்கில் இருக்குமா? இருக்கும் என்றால், ஜீரோ மார்க்அப் கார்டு உங்களுக்கு நிஜமாகவே ஜீரோ. இருக்காது என்றால், எந்த கார்டு வாங்கினாலும் அது விலை கூடிய கடன்தான். டிரிப்பை மூணு மாசம் தள்ளிவைத்து, அதுவரை மாசா மாசம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

1. மார்க்அப்பை ஜி.எஸ்.டி-யோடு பாருங்கள். 3.5% என்றால் 4.13%.
2. ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டி, பயன்படுத்தப்போகும் ரிவார்டை மட்டும் கழியுங்கள்.
3. கடை, ஏ.டி.எம், இணையதளம், எங்கேயும் உள்ளூர் கரன்சியையே தேர்ந்தெடுங்கள்.
4. கிரெடிட் கார்டில் கேஷ் எடுக்காதீர்கள்.
5. கிளம்பும் முன் ‘இன்டர்நேஷனல்’ ஆன், திரும்பியதும் ஆஃப்.
6. பில்லை முழுசாகக் கட்டுங்கள்.

ஹேப்பி ஜர்னி!